20,244 உறைகள்



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 5ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டி, நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் பேரணி நடக்கும். கையில் அட்டை, வாயில் முழக்கம், முன்வரிசையில் ஒரு பேனர். பேரணி முடிந்ததும் ஒரு மரக்கன்று நடுவார்கள், படம் எடுப்பார்கள். அந்தப் பேனரே பிளாஸ்டிக் ஃபிளெக்ஸாக இருப்பதையும், வெயிலில் நடந்து வந்த பிள்ளைகளுக்குப் பளபளக்கும் உறையில் பிஸ்கட் கொடுப்பதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆசிரியர்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாடச்சுமைக்கு நடுவில் அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். ஆனால் இதைவிடப் பலமான ஒரு வேலையை நம் மாநிலத்துப் பள்ளி மாணவிகளே செய்து காட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றி நம் குடும்பங்களுக்கு விவரமாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தூத்துக்குடியில் சுப்பையா வித்யாலயம் என்ற பெண்கள் பள்ளி இருக்கிறது. 2018ஆம் ஆண்டின் நடுவில் அந்தப் பள்ளி மாணவிகள் தாங்கள் தின்று தீர்த்த தின்பண்டங்களின் உறைகளைக் குப்பையில் போடாமல் சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். இரண்டே வாரங்கள். சேர்ந்தவற்றை எண்ணியபோது 20,244 உறைகள். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 1,400க்கும் மேல் வருகிறது. அதுவும் ஒரே பள்ளியில்.

பிறகு அவர்கள் செய்த வேலைதான் முக்கியம். உறைகளை நிறுவனம் வாரியாகப் பிரித்தார்கள். பிரிட்டானியா நிறுவனத்தின் உறைகள் 10,660. வேஃபர் தயாரிக்கும் நபாட்டி நிறுவனத்தின் உறைகள் 3,412. மீதி 6,172 உறைகள் உள்ளூர்த் தயாரிப்பாளர்களுடையவை. மாநகராட்சியின் ஒத்துழைப்போடு அந்த உறைகளை அவற்றைத் தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பி, கூடவே ஒரு கடிதமும் வைத்தார்கள். அதில் வசைமொழி எதுவும் இல்லை. உங்கள் பண்டத்தின் சுவையும் தரமும் எங்களுக்குப் பிடிக்கும், ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பிடிக்கவில்லை, இவற்றைப் பத்திரமாக அப்புறப்படுத்துவதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், மண்ணைக் கெடுக்காத உறைக்கு மாறினால் நாங்கள் மனச்சங்கடம் இல்லாமல் சாப்பிடுவோம் என்ற கருத்தில் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அந்தப் பள்ளிப் பிள்ளைகள் இதில் செய்தது என்ன என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பேரணியில் "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்" என்று முழங்கும்போது யாரை நோக்கி முழங்குகிறோம் என்பது முழங்குகிறவருக்கே தெரியாது. கேட்கிறவரும் தன்னைச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்வார். ஆனால் 10,660 என்று எண்ணிச் சொன்னால் அதற்கு ஒரு முகவரி வந்துவிடுகிறது. இது இந்தப் பெட்டியில் இருக்கிறது, இது உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடிகிறது. கடைக்காரர் தராசில் வைத்துக் காட்டினால் நாம் பேச்சை நிறுத்திக்கொள்வதில்லையா, அதைப் போல.

சரி, இந்த உறைகளைத் தனியாகச் சேர்த்துப் பழைய பொருள் கடையில் போட்டால் ஆயிற்றே, ஏன் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம். இதை நம் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் நம் தெருவுக்கு வருவார். கிழிந்து நைந்த புடவைக்கும் அவர் விலை தருவார். அவர் விலை கொடுப்பது புடவைக்கு அல்ல, அதிலுள்ள ஜரிகைக்கு. அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. பட்டை எரித்தாலும் வெள்ளி மிஞ்சும், அதை உருக்கி எடுத்துவிடலாம். பிரித்தெடுக்க முடிகிறது என்பதால்தான் பழசுக்கும் மதிப்பு.

சிப்ஸ் உறையின் உட்புறமும் வெள்ளிபோலத்தான் மின்னுகிறது. அது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. அதற்கு மேலும் கீழும் வேறு வேறு பிளாஸ்டிக் படலங்கள், நடுவில் பசை, வெளியே அச்சு மை. காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் பண்டம் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக இத்தனை அடுக்கு. ஒட்டிய இந்த அடுக்குகளைத் திரும்பப் பிரிப்பதற்கு ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் மதிப்பைவிட அதிகம். அதனால்தான் பால் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் எடைக்கு வாங்கும் பழைய பேப்பர் கடைக்காரர் பிஸ்கட் உறையைத் தொடுவதில்லை. காகிதம் பொறுக்கி வயிறு கழுவும் ஏழைகூட அதைக் குனிந்து எடுப்பதில்லை. எடுக்க ஆளில்லாத குப்பை கால்வாயில்தான் போய்ச் சேரும்.

இவற்றுக்கு வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக்கிச் சூடான ஜல்லியின் மேல் தூவி, அதன்பின் தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்காக 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த முறையில் இந்த அடுக்கு உறைகளையும் பயன்படுத்தலாம். சிமென்ட் ஆலைச் சூளைகளில் எரிபொருளாகவும் போடுகிறார்கள். ஆனால் இந்த இரண்டுக்கும் உறைகள் முதலில் தனியாக, சுத்தமாக, மொத்தமாகச் சேர வேண்டும். சோற்றோடும் மீன் முள்ளோடும் கலந்து கிடக்கும் உறையை யாரும் எங்கும் கொண்டுபோவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கான தடை 2018 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கைப்பை, உணவு கட்டும் தாள், டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. தொழிற்சாலையிலேயே அடைத்து வரும் உறைகளுக்கு ஆரம்பத்தில் விலக்கு இருந்தது. 2020 ஜூன் மாதம் அந்த விலக்கு நீக்கப்பட்டது. ஆனாலும் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குவது என்ன என்பது நம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளோ, உறையைச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனமே அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்கின்றன. ஆகவே தூத்துக்குடிப் பிள்ளைகள் கேட்டது தயவு அல்ல, சட்டத்தில் உள்ளதைத்தான். இது நமக்கு முக்கியமான பாடம் என்று நினைக்கிறோம். பொதுவாகக் குப்பை என்றதும் ஏழை வீட்டுப் பெண்ணைப் பார்த்து "சுத்தமாக இருக்கக் கூடாதா" என்று கேட்பது எளிது. அவள் வாங்கும் 5 ரூபாய்ப் பாக்கெட்டை அந்த வடிவில் செய்து அனுப்பியவரைக் கேட்பது கடினம். அந்தப் பிள்ளைகள் கடினமானதைச் செய்தார்கள்.

கடிதம் அனுப்பியதும் எல்லாம் மாறிவிட்டதா என்றால் இல்லை. உறைகள் இன்றும் வருகின்றன. இதில் பொறுமை வேண்டும். இந்தோனேசியாவின் பாலித் தீவில் மெலாத்தி, இசபெல் என்ற அக்கா தங்கை இருவர், 12 வயதிலும் 10 வயதிலும், 2013இல் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக இயக்கம் தொடங்கினார்கள். கையெழுத்து வாங்கினார்கள், கடற்கரையைக் கூட்டினார்கள், ஆளுநரைச் சந்தித்தார்கள். பாலியில் தடை நடைமுறைக்கு வந்தது 2019இல். ஆரம்பித்தபோது சிறுமிகளாக இருந்தவர்கள் அதற்குள் பள்ளிப் பருவத்தையே ஏறக்குறைய கடந்துவிட்டார்கள்.

பக்கத்திலேயே இன்னொரு உதாரணமும் உண்டு. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், தன் தெருவில் துணி தேய்க்கிறவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். நமக்கு அதில் பிடித்தது மேடை அல்ல. வாசலில் நின்று தேய்ப்பவரின் நுரையீரலைப் பற்றி ஒரு பிள்ளை யோசித்ததுதான்.

இனி நம்மூர்ப் பக்கம் வருவோம். காஞ்சிபுரம் வட்டாரம் ஏரிகளால் பெயர் பெற்றது. அதே வட்டாரத்தில் வேகவதி ஆறு எப்படி இருக்கிறது, நத்தப்பேட்டை ஏரிக்குக் கழிவுநீரும் குப்பையும் என்ன செய்திருக்கின்றன என்பதை அந்த வழியே போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். ஏனாத்தூரில் கல்லூரிகள் இருப்பதால் தினமும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வந்து போகிறார்கள், அவர்களை நம்பிக் கடைகள் பெருகியிருக்கின்றன. கூடவே உறைகளும் கப்புகளும். குப்பை வண்டி வராத நாளில் அவற்றைத் தெரு ஓரத்தில் குவித்துக் கொளுத்திவிடுகிறோம். பிளாஸ்டிக் எரியும் புகை, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் வயதானவர்களுக்கும் எத்தனை கேடு என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. உறைகளைக் கொளுத்துவதை மட்டும் எந்த வீட்டிலும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நாம் நேரடியாகப் பொறுப்பாகும் இடங்களும் இருக்கின்றன. நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குவாளியோடு பள்ளிவாசல் வாசலில் வரிசையில் நிற்பார்கள். இப்போது கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டு வாங்கிப் போகிறோம். வேலையிலிருந்து நேராக வருகிறவர் கையில் வாளி எப்படி இருக்கும் என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். பள்ளிவாசலிலேயே நோன்பு திறக்கிறவர்களுக்குப் பீங்கான் கோப்பை வைத்தால் மக்ரிபுக்குப் பின் அத்தனையையும் யார் கழுவுவது என்று நிர்வாகிகள் கேட்பதும் நியாயமே. அதனால் காகிதக் கப்புக்கு மாறினோம். ஆனால் காகிதக் கப்பின் உட்புறம் ஈரம் இறங்காமலிருக்கப் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அரசின் தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. இதைப் பலரும் அறியவில்லை.

இங்கேதான் நம் மாணவர்கள் தேவைப்படுகிறார்கள். பெரியவர்கள் "கவர் தராதீர்கள்" என்று சொன்னால் வாக்குவாதம் வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் ரமலானின் முதல் வாரத்தில் தினமும் எத்தனை கவர், எத்தனை கப் போனது என்று எண்ணி, ஒரு தாளில் எழுதி, ஜும்ஆவுக்குப் பின் வாசலில் ஒட்டட்டும். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். அடுத்த வாரம் தூக்கு கொண்டுவருகிறவர்களுக்குத் தனி வரிசை வைத்து, அவர்களுக்கு முதலில் ஊற்றலாம். நோன்பாளியின் அவசரம் நமக்குத் தெரியும், முதல் வரிசைக்கு ஆள் தானாகச் சேரும். வலீமா விருந்துகளிலும் இதே கணக்கைச் செய்யலாம். பந்தி ஒன்றுக்கு எத்தனை சின்னத் தண்ணீர் பாட்டில்கள் பாதி குடித்தபடி கிடந்தன என்று பிள்ளைகள் எண்ணிச் சொன்னால், அடுத்த கல்யாணத்தை நடத்தப்போகிறவர் தண்ணீர் கேனும் எவர்சில்வர் டம்ளரும் வைப்பதைப் பற்றி ஒரு தடவையாவது யோசிப்பார். செலவும் குறையும். வீண் விரயம் கூடாது என்று மதரஸாவில் நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், அவர்கள் அதை நம்மிடமே திருப்பிச் சொன்னால் "பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாதே" என்று வாயை அடைக்கலாமா? எண்ணிக்கை சொல்வது எதிர்த்துப் பேசுவதாகாது.

உறை எண்ணும் வேலையை வீட்டிலிருந்தே தொடங்கலாம். ஒரு பை மாட்டி, வீட்டில் தின்று முடிக்கும் பண்டங்களின் உறைகளை மட்டும் உதறித் துடைத்து அதில் போட வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கொட்டி எண்ண வேண்டும். நாளைக்கு மூன்று உறை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வீட்டில் ஆண்டுக்கு 1,095 ஆகிறது. இருநூறு வீடுகள் என்றால் 2 லட்சத்து 19 ஆயிரம். தெருவில் கிடப்பதைப் பிள்ளைகள் பொறுக்க வேண்டாம். கண்ணாடிச் சில்லும் ஊசியும் கிடக்கும், அது பயிற்சியும் கையுறையும் உள்ளவர்களின் வேலை. எண்ணி முடித்ததும் நிறுவனம் வாரியாகப் பிரிக்க வேண்டும். உறையின் பின்பக்கம் திருப்பினால் தயாரிப்பாளர் பெயரும், நுகர்வோர் புகாருக்கான முகவரியும் தொலைபேசியும் மின்னஞ்சலும் அச்சிட்டிருக்கும், சட்டப்படி இருந்தாக வேண்டும். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கப் பழகுவதே பிள்ளைகளுக்கு ஒரு கல்வி. காலாவதித் தேதியும் அங்கேதான் இருக்கிறது. கடிதத்தில் ஊர்ப் பெயர், எத்தனை வீடுகள், எத்தனை நாள், எத்தனை உறை, என்ன கேட்கிறோம் என்ற ஐந்தும் இருந்தால் போதும். தமிழிலேயே எழுதலாம்.

உள்ளூர்த் தயாரிப்பாளர்கள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தூத்துக்குடிக் கணக்கில் 6,172 உறைகள் அவர்களுடையவை என்று சொன்னோம் அல்லவா. நம் தெருக்களிலும் முறுக்கு சுற்றி, மிக்சர் வறுத்து, அப்பளம் போட்டு, பாலிதீன் பாக்கெட்டில் அடைத்து விற்றுக் குடும்பம் நடத்தும் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களில் கணவரை இழந்தவர்களும் உண்டு. பெரிய நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தை அவர்கள் கையில் கொடுப்பது நியாயமல்ல. மாற்று உறைக்கு ஆகும் கூடுதல் செலவை அவர்களால் தாங்க முடியாது. அவர்களிடம் வாங்கும்போது நாம் வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோனால், பாக்கெட் செலவு அவர்களுக்கு மிச்சமாகும். இதையும் பிள்ளைகளே செய்யலாம். கடைக்கு அனுப்பும்போது கையில் பையும் டப்பாவும் கொடுத்து அனுப்பினால் போதும். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைப் பற்றிப் பள்ளியில் கேட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு, வீட்டில் ஒரு துணிப்பை ஆணியில் தொங்குவது தெரிய வேண்டும். தையல் தெரிந்த தாய்மார்கள் பழைய சட்டைத் துணியில் அரை மணி நேரத்தில் தைத்துவிடுவார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மேலே சொன்ன மூன்று இடங்களிலும் முன்னால் நின்றவர்கள் பெண்பிள்ளைகள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். நம்மில் சில அத்தாக்கள் மகளைப் பேரணிக்கும் தெருக்கூட்டத்துக்கும் அனுப்பத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தோடு இங்கே வாதிட வரவில்லை. உறை எண்ணுவதும் கணக்கு எழுதுவதும் கடிதம் எழுதுவதும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகள். ஆனால் கடிதத்தின் அடியில் அவள் தன் கையால் தன் பெயரைக் கையெழுத்திட வேண்டும், பதில் வந்தால் அதை அவள்தான் பிரித்துப் படிக்க வேண்டும். அவள் எண்ணியதை அண்ணன் தன் பெயரில் சொல்லிக்கொள்வதைத் தாய்மார்கள் அனுமதிக்காதீர்கள்.

தண்ணீரிலும் இதே கணக்கைப் போடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூச் செய்ததாக ஹதீஸ்களில் வருகிறது. அது ஒரு லிட்டரைவிடக் குறைவு. நம் குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்யும்போது அடியில் ஒரு வாளி வைத்தால் எவ்வளவு சேருகிறது என்பதை மக்தப் பிள்ளைகள் அளந்து பார்க்கலாம். முடிவை அவர்களே சொல்லட்டும், அதை வேறொரு இதழில் வெளியிடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

இப்போதைக்கு உறைக் கணக்கு. ஆறாம் வகுப்பு முதல் கல்லூரி வரை படிக்கும் மாணவ, மாணவிகள் பங்கெடுக்கலாம். கோடு போட்ட கணக்குத் தாள்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கின்றன, ஜும்ஆவுக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். பெண்பிள்ளைகளுக்காகத் தாய்மார்களும் வந்து பெறலாம். இரண்டு வாரம் எண்ணியபின் தாளையும், துடைத்துக் கட்டிய உறைப் பையையும் அலுவலகத்தில் கொடுங்கள். எல்லாவற்றையும் நிறுவனம் வாரியாகச் சேர்த்து, பிள்ளைகள் எழுதிய கடிதங்களோடு அனுப்பும் தபால் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும். மொத்த எண்ணிக்கை அடுத்த இதழின் முதல் பக்கத்தில் வரும். பை கட்டும்போது எறும்பு வராமல் சர்க்கரைத் துகளை நன்றாக உதறிவிடச் சொல்லுங்கள்.